முகம் மாறிய வோல்ட்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வடக்கே கானடா தேசம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பூகோள பாடத்தில் படித்து, அதைத் திரும்ப யோசித்துப் பார்க்க அவசியமே இல்லாமல் வாழ்ந்துவிட்ட நம்மைப் போன்றவர்கள், டெட்ராய்ட் நகரத்து ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கும்போது ஒரு கணம் திகைத்துத்தான் போகவேண்டும். ஏனெனில் அந்த இடத்தில் ஆறு வளைந்து செல்லும் விசித்திரத்தினால் கானடாவின் வின்ட்ஸர் நகரம் நமக்குத் தெற்கே கிடக்கிறது. 2015ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், குளிர் தன் உக்கிரத்தையெல்லாம் காட்டிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், நான் அந்த விசித்திரத்தை அதிக நேரம் ரசிக்க முடியாமல், ஆற்றோரத்திலேயே பரந்து கிடக்கும் கோபோ மண்டபத்துக்குள் அவசரமாகப் புகுந்தேன். வட அமெரிக்க மோட்டார் கண்காட்சி அந்தக் காலத்தில் வருஷந்தோறும் ஜனவரியில்தான் அங்கே நடந்துவந்தது. வெளியே மனிதர் நிற்க முடியாத பருவத்தில் உள்ளே ஜனங்களைக் கூட்டி வண்டி காட்டுவது சிறந்த வியாபாரத் தந்திரம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நகரத்தின் அப்போதைய நிலைமையைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. 1950இல் பதினெட்டரை லட்சம் ஜனங்கள் வாழ்ந்த டெட்ராய்ட்டில், 2010ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்போது சுமார் ஏழு லட்சம் பேர்தான் எஞ்சியிருந்தார்கள். 2013 ஜூலையில் கடன் தீர்க்க வழியின்றி நகரசபையே திவால் மனுப் போட்டது. நான் போய்ச் சேர்ந்ததற்கு முந்திய மாதம், அதாவது 2014 டிசம்பர் 10ஆம் தேதி, நீதிமன்றத்தின் பிடியிலிருந்து அது வெளியே வந்திருந்தது. நகரின் மையத்தைச் சுற்றி, தூண்களின்மேல் போட்ட பாதையில், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஒரு சிறு ரயில் உண்டு. அதில் ஏறிச் சுற்றி வந்தால் வானளாவிய பழைய மாளிகைகளும், அவற்றின் நடுவே கண்ணாடி உடைந்து காலியாக நிற்கும் மாடங்களும், ஆற்றங்கரையில் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் அப்போது குடியிருந்த உருண்டைக் கோபுரங்களும் மாறி மாறிக் கண்ணுக்குப் படும். இந்த ஸ்தாபனமும் 2009இல் திவால் நீதிமன்றத்தின் படியேறி, அரசாங்கத்தின் பணத்தினால் பிழைத்து எழுந்ததுதான். ஆகவே அந்த வருஷத்துக் கண்காட்சியில் புது வண்டியின் மேலிருந்து திரை விலகியபோது, பார்த்தவர்களின் உற்சாகத்தில் நோயிலிருந்து தேறியவர்களின் பரபரப்பும் கலந்திருந்தது.

நான் பார்க்கப் போனது செவ்ரோலெட் வோல்ட் என்ற வண்டியின் இரண்டாவது அவதாரத்தை. பிளக்-இன் ஹைபிரிட் என்று சொல்லப்படும் இந்த வகை, இரவில் வீட்டுச் சுவரிலுள்ள மின்சார இணைப்பில் செருகி வைத்தால் பேட்டரியில் சக்தியைச் சேர்த்துக்கொண்டு, மறுநாள் அந்தச் சேமிப்பு தீரும் வரையில் மின்சார மோட்டாரினாலேயே ஓடி, தீர்ந்த பிறகு பெட்ரோல் என்ஜினின் உதவியை நாடுவது. முதல் வோல்ட் 2007இல் இதே மண்டபத்தில் மாதிரி வடிவமாகக் காட்டப்பட்டு, 2010 டிசம்பரில் வாங்கினவர்களின் கைக்கு வந்தது. அதன் பேட்டரியின் கொள்ளளவு 16 கிலோவாட்-மணி. அரசாங்கத்தின் அளவைப்படி மின்சாரத்தில் மட்டும் 35 மைல் ஓடும். அந்தத் தேசத்துச் சாமானியக் குடும்பஸ்தர் ஒருவர் நாள்தோறும் வேலைக்குப் போய்த் திரும்பும் தூரத்தை மனத்தில் வைத்து நிர்மாணித்த வண்டி அது. பெட்ரோலே செலவாகாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் அதில் உண்டாகிவிட்டபடியால், ஆறு வாரங்களாக என்ஜின் அசையவில்லையென்றால் அதைச் சிறிது நேரம் ஓடவிடும்படி வண்டியே கேட்கும்; தொட்டியிலுள்ள பெட்ரோல் ஒரு வருஷத்துக்குமேல் பழசாகிவிட்டால் அதை எரித்துத் தீர்த்துவிடவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்ரோலுக்காகக் கப்பல்களும் சைன்யங்களும் நடமாடும் உலகத்தில், பெட்ரோல் ஊசிப்போய்விடுமே என்று கவலைப்படும் ஒரு வண்டி தோன்றியது என்னை வெகுவாகக் கவர்ந்தது.

அந்த முதல் வண்டிக்குக் கிடைத்த வரவேற்பும் சாதாரணமானதல்ல. ஒரு பக்கம் பத்திரிகைகள் அந்த வருஷத்தின் சிறந்த கார் என்று பட்டம் சூட்டின. மறுபக்கம், இது அரசாங்கத்தின் தயவில் பிழைத்த கம்பெனியின் அரசியல் வண்டி என்று பரிகசித்தவர்கள் ஏராளம். வேகமாகப் போகையில் சில சமயம் என்ஜினின் சக்தியும் நேராகச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்று தெரிந்தபோது, கம்பெனி பொய் சொல்லிவிட்டது என்று பெரிய கூச்சல் எழுந்தது. 2011இல் அரசாங்கத்தார் மோதிச் சோதித்த ஒரு வண்டி, மூன்று வாரம் சும்மா நின்றுவிட்டுப் பின்பு தீப்பிடித்தது. அதன்மேல் நடந்த விசாரணை அடுத்த வருஷம் ஜனவரியில் குற்றமில்லை என்று முடிந்ததென்றாலும், தீப்பிடித்த செய்தி பரவிய வேகத்தில் முடிவு பரவவில்லை. ஜனாதிபதி ஒபாமா பதவி முடிந்ததும் ஒரு வோல்ட் வாங்கித் தாமே ஓட்டப்போவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். ஒரு மோட்டார் வண்டி வாங்குவது ஒரு கட்சியில் சேருவது போன்ற காரியமாகிவிட்டால், வண்டி விற்பவனுக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் புது வோல்ட் மேடையேறியது. உள்ளே செய்திருந்த மாறுதல்களோ மிகவும் கணிசமானவை. பேட்டரியின் கொள்ளளவு 18.4 கிலோவாட்-மணியாக உயர்ந்தது, ஆனால் அதிலுள்ள செல்களின் எண்ணிக்கை 288இலிருந்து 192ஆகக் குறைந்தது. மின்சாரத்தில் மட்டும் 50 மைல் ஓடும் என்று மேடையில் சொன்னார்கள்; பின்னர் அரசாங்கச் சோதனை 53 மைல் என்றே கொடுத்தது. உயர்ந்த ரக பெட்ரோலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த 1.4 லிட்டர் என்ஜின் போய், சாதாரணப் பெட்ரோலையே ஏற்கும் 1.5 லிட்டர் அலுமினிய என்ஜின் வந்தது. வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய நூறு கிலோ இறங்கியது. பழைய வண்டியில் தொட்டால் போதும் என்று வழவழப்பான பலகையில் பொறித்து, கையுறை போட்ட விரலுக்கு மசியாமல் எல்லோரையும் எரிச்சலூட்டிய பொத்தான்களுக்குப் பதிலாக, பிடித்துத் திருகக்கூடிய குமிழ்களும் அழுத்தினால் அழுந்தும் பொத்தான்களும் திரும்பி வந்திருந்தன. பழைய வண்டிக்காரர்கள் நாலு வருஷமாகச் சொல்லிவந்த குறைகளை உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, பெரும்பாலானவற்றுக்குப் பரிகாரம் செய்திருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மண்டபத்தில் நின்ற ஜனங்கள் பேசிக்கொண்டது இவற்றைப் பற்றியல்ல. அவர்கள் அதன் முகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த மண்டபத்தில் கூட்டம் அலைமோதிய இடம் வேறு. ஃபோர்டு கம்பெனியார் யாரும் எதிர்பாராத வண்ணம் கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஜி.டி. என்ற நீலநிறப் பந்தய வண்டியைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. அறுநூறு குதிரைச் சக்திக்கு மேல் உள்ள அந்த வண்டியை வாங்கும் வசதி அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். வோல்ட்டும் நீலந்தான். அதைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் விலகாமல் நின்றவர்கள். ஓரிடத்தில் நின்று, குனிந்து, சக்கரத்துக்கு அருகே முழந்தாளிட்டு, முன்பக்கத்துப் பளபளப்பான மூடிய சட்டத்தைத் தட்டிப்பார்த்து, மணிக்கணக்கில் வாதாடக்கூடிய ஜாதி. அவர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு கல்வியாக இருந்தது.

தொழிற்சாலையில் கருவி செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஒரு பெரியவர், முதல் வோல்ட் விற்பனைக்கு வந்த காலத்திலேயே வாங்கியவராம். எப்போது எத்தனை கேலன் பெட்ரோல் போட்டார் என்பதை ஒரு சிறு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருந்தார்; அந்தப் புஸ்தகம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை என்பதில் அவருக்கு மகா கர்வம். புது வண்டியில் அவர் ஒரு யந்திரக் குறைகூடச் சொல்லவில்லை. “எல்லாம் நான் கேட்டதுதான்” என்று ஒப்புக்கொண்டார். பிறகு, வெகு நேரம் அதைப் பார்த்துவிட்டு, “என் வண்டியைக் கடைவாசலில் நிறுத்தினால் நாலு பேர் வந்து இது என்ன வண்டி என்று விசாரிப்பார்கள். இதை யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஹோண்டா சிவிக் என்று நினைத்துப் போய்விடுவார்கள்” என்றார்.

இந்த ஹோண்டா சிவிக் என்ற பெயரை அன்றைக்கு அந்த மேடையைச் சுற்றிப் பல வாய்களில் கேட்டேன். பத்திரிகைக்காரர்களும் அதையேதான் எழுதினார்கள். பழைய வோல்ட்டின் பக்கவாட்டில் ஜன்னல்களுக்குக் கீழே ஓடிய கறுப்புப் பட்டையும், கோணங்களாக வெட்டிய பின்புறமும், வேறெந்த வண்டியிலும் காணாத ஒருவித முரட்டு நூதனமும் அழகென்று எல்லோரும் ஒப்பியவையல்ல. ஆனால் வேறொன்றாக மயங்குவதற்கு இடமில்லாதவை. புதிய வண்டி நிச்சயமாக அதைவிட லட்சணமானது. அதன் வளைவுகளில் ஒரு நிதானம் இருந்தது. அதே காரணத்தினால் அது தெருவில் போகும் நூறு வண்டிகளுக்கு நடுவே கரைந்துபோகக்கூடியதாகவும் இருந்தது. இதைக் கம்பெனியார் தெரிந்தே செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். விசித்திரமாக இருப்பதனால்தான் சாமானிய ஜனங்கள் மின்சார வண்டிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, பயத்தைப் போக்க விசித்திரத்தைப் போக்கினார்கள்.

ஐந்தாவது இருக்கையின் கதை இன்னும் ருசிகரமானது. பழைய வோல்ட்டில் பேட்டரி, ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவத்தில், வண்டியின் நடுமுதுகு நெடுக ஓடியதால் நாலு பேர்தான் உட்கார முடியும். நாலு பேர் வண்டியை எந்தக் குடும்பஸ்தன் வாங்குவான் என்ற ஆக்ஷேபம் முதல் நாளிலிருந்தே இருந்தது. புது வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் பேட்டரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் உட்காருகிறவர் பேட்டரியின் மேட்டுக்கு இரு புறமும் கால்களைப் போட்டுக்கொண்டு, பானக் குவளைகள் வைப்பதற்கான குழிகளை முழங்கால்களின் நடுவே பார்த்தபடி பிரயாணம் செய்ய வேண்டும். பந்தி நிறைந்த பிறகு வந்தவருக்கு மூலையில் செருகிப் போட்ட இலைதான் அது. மூன்று குழந்தைகளோடு வந்திருந்த ஓர் அம்மாள் நடுப்பிள்ளையை அதில் உட்காரவைத்துப் பார்த்தார். பையன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அம்மாள் தலையை அசைத்துவிட்டு, இதையே சற்று உயரமான வண்டியாகச் செய்திருந்தால் என்ன என்று அங்கிருந்த கம்பெனிக்காரரைக் கேட்டார். உயரமான வண்டி வேண்டும் என்பது அவர் ஒருவர் கட்சியல்ல. அந்தத் தேசத்து ஜனங்கள் சிறு கார்களை விட்டு உயர்ந்த வண்டிகளுக்குக் கூட்டங்கூட்டமாகக் குடிபெயர்ந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பெனிக்காரர் மிக மரியாதையாகச் சிரித்தார்.

வேறு சில புகார்களும் கேட்டன. வழியில் நின்று அரை மணியில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும் துரித சார்ஜ் வசதி இல்லையே என்று ஓர் இளைஞர் வாதாடினார். பெட்ரோல் என்ஜின் கூடவே இருக்கும்போது அது எதற்கு என்று அவர் தோழரே பதில் சொன்னார். அந்த நாட்டு வீடுகளின் 120 வோல்ட் மின்சாரத்தில் இந்தப் பேட்டரி நிரம்ப 13 மணி நேரம் ஆகும், 240 வோல்ட் இணைப்பு வைத்துக்கொண்டால் நாலரை மணியில் முடியும் என்று கணக்குச் சொன்னவரும் இருந்தார். 230 வோல்ட்டில் பழகிய எனக்கு இதில் ஓர் அற்பப் பெருமிதம் உண்டாயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய ஆக்ஷேபம், யாரும் உரக்கச் சொல்லாமலே, மண்டபம் முழுவதும் பரவியிருந்தது. முந்திய கோடையில் கேலனுக்கு மூன்றரை டாலருக்குமேல் விற்ற பெட்ரோல், அந்த ஜனவரியில் இரண்டு டாலரை ஒட்டி இறங்கியிருந்தது. பஞ்சத்துக்காகக் களஞ்சியம் கட்டியவன் முன்னே மழை பெய்து வயலெல்லாம் விளைந்துவிட்டால் அவனுடைய தீர்க்கதரிசனத்தை யார் புகழ்வார்கள்? போதாக்குறைக்கு, அதே ஸ்தாபனம் அதே கண்காட்சியில், பெட்ரோலே இல்லாமல் 200 மைல் ஓடப்போகிற போல்ட் என்ற மாதிரி வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பெயரும் ஏறக்குறைய ஒன்று, மேடையும் பக்கத்தில். தமையனின் கல்யாணத்தன்றே தம்பிக்கும் பெண் பார்த்தால் விருந்தினர் எந்தப் பந்தலில் நிற்பார்கள் என்று கம்பெனியார் யோசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் டெட்ராய்ட் கலைக்கூடத்துக்குப் போனேன். நகரம் திவாலானபோது அங்குள்ள சித்திரங்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற யோசனை கிளம்பி, தர்ம ஸ்தாபனங்களும் மாகாண அரசாங்கமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் திரட்டி அந்த ஆபத்தை நீக்கியிருந்தார்கள். அங்கே நடுமுற்றத்தின் சுவர்களில் மெக்ஸிகோ தேசத்து ஓவியர் டியகோ ரிவேரா, எட்ஸெல் ஃபோர்டின் பொருளுதவியோடு 1932, 33 வருஷங்களில் தீட்டிய 27 சித்திரங்கள் இருக்கின்றன. குழந்தைக்கு அம்மை குத்தும் ஒரு சிறு சித்திரம் யேசுவின் ஜனனக் காட்சியை ஒத்திருக்கிறது என்று பாதிரிமார்கள் கொதித்து, சுவர்களில் சுண்ணாம்பு பூசிவிடவேண்டும் என்றுகூட அக்காலத்தில் கூக்குரல் எழுந்ததாம். பார்க்க வந்த ஜனங்களோ ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். என் கவனத்தை இழுத்தது வேறொன்று. அந்தப் பெரிய சுவர்களில் உலை இருக்கிறது, வார்ப்படம் இருக்கிறது, என்ஜின் இருக்கிறது, முதுகு வளைந்து இழுக்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்து உண்டாக்கும் மோட்டார் வண்டியோ, தெற்குச் சுவரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினால் தென்படும் மிகச் சிறிய உருவமாக எங்கோ தூரத்தில் நிற்கிறது. வண்டியின் வயிற்றுக்குள் நடப்பதே அதன் வைபவம் என்று அந்த மனிதர் கண்டிருந்தார். முந்தின நாள் முழுவதும் முகத்தைப் பற்றியே கேட்டிருந்த எனக்கு, அந்தச் சுவர்களுக்கு முன்னே நின்றபோது ஓய்வு பெற்ற பெரியவருடன் இன்னொரு முறை வாதாடவேண்டும் போல் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே இப்போதும் நினைக்கிறேன். உள்ளே நூதனமான ஒன்று வெளியேயும் நூதனமாகத் தெரியவேண்டும் என்று அதற்காகப் பணமும் பரிகாசமும் செலவழித்தவர் ஆசைப்படுவது தவறாகாது.

வோல்ட் பிறக்கும் இடத்தையும் பார்க்க விரும்பி, ஒரு டாக்ஸியில் ஹாம்ட்ராமெக் பக்கம் போனேன். டெட்ராய்ட்டின் நடுவே தனக்கென்று நகரசபை வைத்துக்கொண்டிருக்கும் சிற்றூர் அது. ஒரு காலத்தில் போலந்துக்காரர்களின் கோட்டை, இப்போது வங்காள தேசத்தாரும் ஏமன் நாட்டாரும் பெருகி வாழ்வது. டாக்ஸி ஓட்டியவர் ஸில்ஹெட் ஜில்லாக்காரர். அவரிடம் புது வோல்ட்டின் மகிமையையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ராத்திரி எங்கே செருகுவது, பாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் குடியிருப்பது மாடி வீடு. வண்டி நிற்பது தெருவில். மண்டபத்தில் கேட்ட அத்தனை விமர்சனத்திலும் இந்தக் கேள்வி வராததற்குக் காரணம், அங்கே வந்தவர்களெல்லாம் சொந்தக் கொட்டகை உள்ளவர்கள் என்பதாக இருக்கலாம்.

தொழிற்சாலையை வேலிக்கு வெளியேயிருந்துதான் பார்க்க முடிந்தது. அதைக் கட்டுவதற்காக 1981இல் போல்டவுன் என்ற பேட்டையையே நகராட்சி கையகப்படுத்தி, நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களை அப்புறப்படுத்தி, வீடுகளையும் கடைகளையும் தேவாலயங்களையும் இடித்தது. தனியார் கம்பெனிக்காக இப்படி நிலம் எடுப்பது செல்லும் என்று அன்றைக்குத் தீர்ப்பளித்த மிச்சிகன் உச்ச நீதிமன்றமே, 2004இல் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. தொழிற்சாலையின் மதிலுக்குள்ளேயே யூதர்களின் பழைய மயானம் ஒன்று அகற்றப்படாமல் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் அதன் கதவைத் திறந்து உறவினர்களை அனுமதிப்பார்கள். இந்த ஆலைக்கு முன்பு மேலாளராக இருந்த மேரி பாரா என்ற அம்மையார்தான், நான் போனபோது ஸ்தாபனம் முழுவதற்கும் தலைவி.

புது வோல்ட்டின் விலையை முந்திய வருஷத்தைவிட ஆயிரம் டாலருக்குமேல் குறைத்து 33,995 டாலர் என்று பிறகு அறிவித்தார்கள். 2016இல் அந்தத் தேசத்தில் 24,739 வண்டிகள் விற்றன. வாங்கியவர்கள் திருப்தியாகவே ஓட்டினார்கள். வாங்காதவர்கள் உயரமான வண்டிகளை வாங்கினார்கள். 2018 நவம்பரில் வோல்ட்டை நிறுத்தப்போவதாகக் கம்பெனி தெரிவித்தது. 2019 பிப்ரவரியில் கடைசி வண்டி அந்த ஆலையைவிட்டு வெளியேறியது. இரண்டு அவதாரங்களையும் சேர்த்து அமெரிக்காவில் விற்றது ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆலையை இடிக்கவில்லை, ஃபாக்டரி ஜீரோ என்று பெயர் மாற்றி, மின்சார வண்டிகளுக்கென்றே ஒதுக்கி, 2021 முதல் அங்கே ஹம்மர் என்ற ராட்சச வண்டியைச் செய்கிறார்கள். நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள அதைப் பற்றி ஜனங்கள் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அது ஹோண்டா சிவிக்கைப்போல் இருக்கிறது என்று மட்டும் எவரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.